கா என்று எழுதியிருந்த வீடு

எனக்கு வேலை கிடைத்ததே என் கையெழுத்தால்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு காலத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. செங்கல்பட்டு முனிசிபல் ஆபீசில் அப்போது இருந்தது ஒரே ஒரு டைப் மிஷின், அதுவும் இங்கிலீஷ் மிஷின். தமிழில் எழுதி வெளியே ஒட்டவேண்டிய எதையும் கையால்தான் எழுதவேண்டும். தலைமை குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு நாலு வரி எழுதச் சொன்னார். எழுதிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "நாளைக்கே வந்துடு" என்றார். தற்காலிக வேலைதான். எனக்கு வயது இருபத்திரண்டு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அந்த வருஷம் ஊரில் எல்லார் வாயிலும் புது பஸ் ஸ்டாண்டு பேச்சுதான். அதுவரை பஸ்கள் கடைத்தெருவிலேயே நின்று, கடைத்தெருவிலேயே ஆள் ஏற்றும். மதுராந்தகம் பஸ்சும் கோவளம் பஸ்சும் எதிரெதிரே வந்துவிட்டால் ஒரு மாட்டுவண்டி நகர வழி இருக்காது. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த நீளத் தெருவை முழுசாக இடித்துவிட்டு அங்கே பஸ் ஸ்டாண்டும், அதை ஒட்டி மாடி வைத்த மார்க்கெட்டும் கட்டுவதாக முடிவாயிற்று. கட்டடம் எப்படி இருக்கும் என்று காட்ட சென்னையிலிருந்து ஒரு கலர்ப் படம் வந்தது. ஆபீஸ் ஹாலில் மாட்டினார்கள். சிமெண்டுத் தூண்கள், வரிசையாகக் கடைகள், முன்னால் நடமாடும் ஜனங்கள். வரைந்தவருக்கு என்ன அவசரமோ, அந்த ஜனங்களுக்குப் பாதம் போடாமல் விட்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே கோடு மெலிந்து மெலிந்து காணாமல் போயிருக்கும். முதல் நாள் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அந்தப் படத்துக்கு நேர் எதிரே என் மேஜையைப் போட்டார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

தெருவை அளந்த சர்வேயர் மதுரைப் பக்கத்துக்காரர். அளந்து முடித்த கையோடு மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய நோட்டு என்னிடம் வந்தது. அதைப் பார்த்து, தெருவில் உள்ள வீடுகளின் ஜாபிதாவை, அதாவது பட்டியலை, பெரிய தாளில் நல்லபடியாக எழுதவேண்டும். கதவு எண், என்ன மாதிரி வீடு, யார் குடியிருக்கிறார்கள் என்று மூன்று கட்டம். சர்வேயர் எல்லாவற்றையும் சுருக்கி எழுதியிருந்தார். 'ஓ' என்றால் ஓட்டு வீடு. 'கூ' என்றால் கூரை வீடு. இடிந்து கிடந்த இரண்டு மனைகளுக்கு வெறும் கோடு. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு மட்டும் 'கா' என்று போட்டிருந்தார். அந்த எண்ணில் குடியிருப்பவர் கட்டத்தில் வியர்வையோ தண்ணீரோ சொட்டி மை கரைந்துபோயிருந்தது.

அது என்ன 'கா' என்று யாரையாவது கேட்டிருக்கலாம். தெரு ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம்தான், நடந்து போய்ப் பார்த்தும் வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் தலைமை குமாஸ்தா எல்லார் முன்னாலும் என் மேல் எரிந்து விழுந்திருந்தார். "எதுக்கெடுத்தாலும் கேட்டுக்கிட்டே நின்னா நீ எதுக்குய்யா? நானே எழுதிட்டுப் போயிடுவேனே!" எனக்கு ரோஷம். 'கா' என்றால் காலி, இதுகூடத் தெரியாதா என்று என்னையே அதட்டிக்கொண்டு 'காலி' என்று எழுதினேன். குடியிருப்பவர் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த 'லி'யின் கொக்கி எனக்கு அன்று மிக அழகாக வந்தது. தாளைக் கையெட்டத் தள்ளிப் பிடித்து ரசித்தது இன்னும் நினைவிருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

ஜாபிதாவில் மேலிருந்து கீழ்வரை எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நகலை ஆபீஸ் வாசல் சுவரில் ஒட்டினார்கள். அதன்படி பியூன் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்தான். நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினால், புதுக் கட்டடத்தில் கடை ஒதுக்கி ஒரு சீட்டுத் தருவோம். ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். காலி என்று எழுதிய வீட்டுக்கு நோட்டீஸ் இல்லை. நோட்டீஸ் இல்லாவிட்டால் சீட்டு இல்லை.

ஒரு மாதம் முடிந்த மறுநாள் ஒரு அம்மாள் ஆபீசுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெட்டையான உடம்பு, முழங்கைவரை புளியும் சாம்பலும் ஏறி வெளுத்துப்போன கைகள். கல்யாணங்களுக்கு அண்டா, தவலை, தாம்பாளம் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. அவள் புருஷன் ஆரம்பித்த தொழில். அவர் போனபிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தாள்.

"எல்லா வூட்டுக்கும் காயிதம் குட்த்தாங்க. என் வூட்ட மட்டும் தாண்டிப் போய்ட்டாங்க. நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு வாசல்லயே குந்திகினு இருந்தேன்" என்றாள்.

தலைமை குமாஸ்தா கதவு எண்ணையும் தொழிலையும் கேட்டார். ஜாபிதாவில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"முப்பத்தொண்ணு காலிம்மா."

"காலின்னா?"

"யாரும் இல்லாத இடம்."

அவள் தன்னையே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "நான் இருக்கறனே?" என்றாள்.

"பாத்திரம் போட்டு வைக்கிற குடோனா இருக்கும். குடித்தனம்னு எழுதலை. கெடு தாண்டிப் போச்சு. ஜாபிதா கலெக்டர் ஆபீசுக்கே போயாச்சு."

"என் வூட்ல பாத்திரம்தான் காலியா கீது. நான் காலி இல்ல, சாமி!"

ஹாலில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே கோடு போட்ட தாளில் மறுபடி கோடு போட்டேன். அவள் போனதும் சர்வேயரின் பழைய நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கிப் புரட்டினேன். வேறு ஒரு தெருவில் ஒரே ஓர் இடத்தில் அவர் சுருக்காமல் முழுசாக எழுதியிருந்தார்: காரை வீடு.

சுண்ணாம்புக் காரை போட்டுத் தளம் ஒட்டிய வீட்டை எங்கள் பக்கம் மெத்தை வீடு என்போம். அவர் ஊர்ப்பக்கம் அதற்குக் காரை வீடு என்று பெயர். அவ்வளவுதான் விஷயம். அந்தத் தெருவிலேயே உறுதியான, ஒரே மெத்தை வீட்டை நான் ஆளில்லாத இடமாக்கியிருந்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமை குமாஸ்தாவிடம் போய், "'கா'ன்னா காரையோ என்னவோ, ஒருவேளை தப்பா இருக்குமோ சார்?" என்று இழுத்தேன். 'நான் செய்த தப்பு' என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் நோட்டைத் திறக்கவே இல்லை; பக்கத்தில் நின்ற பியூன்தான் எட்டிப் பார்த்தான்.

"ஜாபிதாவில தப்பு இருக்காது. தப்புன்னு ஒண்ணு கண்டுபிடிச்சா எழுதினவன்ல ஆரம்பிக்கும், கையெழுத்துப் போட்ட அத்தனை பேர் வரைக்கும் போகும். உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்பியிருக்கேன். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

எனக்கு வேலை வேண்டும். நோட்டைக் கொண்டுபோய் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

இடிக்க ஆரம்பித்தது தை மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போகிற நான், அப்போதிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு குறைந்தது. கூரை போன வீடுகளின் உட்சுவர்கள் வெயிலில் பச்சையும் ரோஜாநிறமுமாக நின்றன. விளக்கு மாடத்துக் கரி, காலண்டர் மாட்டிய ஆணி, பிள்ளைகளின் உயரத்தை அளந்து போட்ட கோடுகள், எல்லாம் தெருவுக்குத் தெரிந்தன. குடியிருந்தவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்த அம்மாளைப் பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். புதுக் கட்டடத்தில் கடைகள் குறைவு. இன்னொரு பெயர் சேர்ந்தால் தன் பெயர் போய்விடுமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். "நல்ல பொம்பளதான், பாவம், இருந்திச்சி" என்றார் ஒரு வெற்றிலைக் கடைக்காரர். இருந்திச்சியாம்! அவர் நின்று பேசிய இடத்திலிருந்து பார்த்தால் அவள் வாசலில் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஜாபிதாவில் ஒரு சொல்லை எழுதினேன். அது அங்கேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது இறங்கி ஊருக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது. காலி வீட்டுக்கு எதற்கு என்று கதவு எண் தகட்டைப் பிடுங்கிப் போனார்கள். எண் இல்லாத வீட்டுக்கு எப்படித் தபால் கொடுப்பது என்று தபால்காரர், கோவளத்திலிருந்து அவள் தங்கை போட்ட கார்டைத் திருப்பிவிட்டார். காலி வீட்டுக்கு எதிரே எதற்கு என்று தெருக்குழாயைப் பெயர்த்தார்கள். வாசலுக்கு எதிரே கம்பத்தில் எரிந்த விளக்கும் போயிற்று. யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. எல்லாரும் காகிதத்தில் இருந்ததைத்தான் செய்தார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம். முதலில் கேட்டது ஒரு மத்தியானம். தெருவில் ஈ காக்கை இல்லை, ஆட்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் ஒரு சுவரைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் பதிலாக, தெருவின் கோடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி, நீளமாக. குத்து நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கவில்லை. கடப்பாரைக்காரன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "காலி வூட்ல இன்னாமோ மொனகுது சார்" என்றான்.

மறுநாள் அந்த வீட்டுக்கே போய்விட்டேன். சரிபார்க்க வந்திருப்பதாக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் தெரியவில்லை. கூடம் முழுக்க பித்தளை. ஆள் உட்காரலாம் என்கிற அளவு அண்டாக்கள், கவிழ்த்த தவலைகள், சுவரோரம் சாய்த்த தாம்பாளங்கள். அத்தனையிலும் வாசல் வெளிச்சம் ஒரு சிறு புள்ளியாக நின்றது.

"யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. எந்த மூலையிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. எல்லாப் பாத்திரங்களும் ஒன்றாகக் கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஒரு பெரிய அண்டாவுக்குப் பின்னால் அவள் எழுந்து நிற்பது தெரிந்தது.

"ஆபீசு நைனாவா? வா, உக்காரு" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் வீட்டு வாசற்படி ஏறிய முதல் ஆள் நான்தான் என்றாள்.

தெருவில் எங்கே சுவர் விழுந்தாலும் பாத்திரங்கள் அதிர்ந்து இப்படி முனகும் என்று அவளே சொன்னாள். பகலெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டுத் தனக்கே தலை கிறுகிறுக்கிறது என்றாள். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் புள்ளிபுள்ளியாக அவள் புருஷன் பெயர் வெட்டியிருந்தது. அதை விரலால் தடவிக் காட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "பேர் வெட்டலன்னா எவன் வேணா என்னுதுன்னு தூக்கிகினு போயிடுவான். பேர் இருந்தா எங்க போனாலும் வூடு வந்து சேரும்." பிறகு ஒரு அண்டாவை மோதிர விரலால் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். விரிசல் விழுந்திருந்தால் சத்தம் உடனே செத்துவிடுமாம். கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் அப்படித் தட்டிக் கேட்டுத்தான் உள்ளே வைப்பாள்.

"செவுத்துல ஒட்டினாங்களே, அத்தப் போய்ப் பாத்தேன். எழுத்து முத்து முத்தா கீதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆரு நைனா எழுதுனது?" என்று கேட்டாள்.

டம்ளரில் பாதி மோர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "மேலேர்ந்து எழுதி வந்தது. எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

சுண்டிய அண்டா இன்னும் லேசாகப் பாடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை என்னையே பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் என்னால் முடிந்த வீரத்தைச் செய்தேன். அவள் யாரையோ வைத்து எழுதிய மாதிரி ஒரு மனு தயாரித்தேன், இடது கையால். என் எழுத்து என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே! முத்து முத்தாக எழுதுகிற ஆசாமி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கோணல் கோணலாக இழுத்தேன். முப்பத்தொன்றாம் எண் வீட்டில் நான் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன், என் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று எழுதி முடித்து ஆபீஸ் பெட்டியில் போட்டேன்.

நாலு நாளில் மனு முடிவாகி என் மேஜைக்கே வந்தது. பதிலை நல்லபடியாக எழுதவேண்டுமாம். தலைமை குமாஸ்தா சொல்லச் சொல்ல எழுதினேன். "மேற்படி எண் காலி என்று ஜாபிதாவில் கண்டிருப்பதால் மேற்படி எண்ணிலிருந்து மனு வருவதற்கு ஏதுவில்லை. ஆகவே மனு தள்ளப்படுகிறது." வலது கையால் அழகாக எழுதினேன். பியூன் அதை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தான். காலி வீட்டில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று அவனுக்குச் சந்தேகம். "கட்டுல சேர்த்துடு" என்றார் தலைமை குமாஸ்தா. என் இடது கை மனுவையும் என் வலது கைப் பதிலையும் ஒன்றாக வைத்து நூலால் கட்டினேன். நிமிர்ந்தபோது, படத்தில் இருந்த பாதமில்லாத ஜனங்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பி நிற்கிற மாதிரி இருந்தது.

முனகலுக்குப் பயந்துகொண்டு அந்த வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார்கள். அந்த நாளும் வந்தது. மேஸ்திரி எங்கள் ஆபீசுக்கு ஆள் அனுப்பி, ஜாபிதாவுடன் யாராவது வரவேண்டும் என்றார். என்னைத்தான் அனுப்பினார்கள்.

உச்சி வெயில். தெரு முழுக்க ஒரே வெட்டவெளி, கோடியில் அந்த ஒரு வீடு. விழுந்து கிடந்த காரைக் கட்டிகளில் கிளிஞ்சல் துண்டுகள் மினுங்கின. கோவளத்துக் கிளிஞ்சலைச் சுட்டு அரைத்துக் கட்டிய வீடாம் அது. மதில் மட்டும் அன்று காலையே விழுந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆட்கள் கடப்பாரையோடு தள்ளியே நின்றார்கள்.

மேஸ்திரி மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலே ஒரு குப்பத்துக்காரர். ஆளில்லாத வீட்டை இடிக்கும் முன்னால் வாசலில் நின்று மூன்று தரம் குரல் கொடுப்பது அவர் வழக்கம். "காலி வூடு சும்மா காலியா இருக்காது சார். இன்னா குடியிருந்தாலும் அதுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் கை வெக்கணும்" என்றார். ஒரு பூசணிக்காயும் கற்பூரமும் தயாராக இருந்தன. மூன்று தரம் கூப்பிடுவது, பதில் வராது, பூசணிக்காயை உடைப்பது, வேலையை ஆரம்பிப்பது. இதுதான் முறை.

"உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கூப்பிட்டார்.

"கீறேன்" என்று பதில் வந்தது.

பித்தளையில் பட்டுப் பட்டு, ஒருத்தியின் குரல் பத்துக் குரலாக வந்தது. ஒருவன் கையிலிருந்த கடப்பாரை கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு வீடு 'ம்ம்ம்' என்றது.

மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் திரும்பினார். "சார், லிஸ்ட்டுல இன்னா போட்டுகீது?"

ஜாபிதா என் கையில் இருந்தது. 'லி'யின் கொக்கி எனக்குத் தெரிந்தது. இவ்வளவுதான், வாயைத் திறந்து 'காரை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்குள் வேலை, அப்பா, கீழே மூன்று பேர், எல்லாம் எனக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டன.

"காலி" என்றேன்.

"உள்ள யாராச்சும் கீறீங்களா?" இரண்டாம் தரம் மேஸ்திரியின் குரல் நடுங்கியது.

"கீறேன் நைனா, கீறேன்."

மூன்றாம் தரம் அவர் கூப்பிடவில்லை, வாயை மட்டும் அசைத்தார். பூசணிக்காயைப் படியில் போட்டு உடைத்தார். அந்தச் சமயம் கதவு திறந்தது. அவள் வெளியே வந்து உடைந்த பூசணிக்காயையும் எரிகிற கற்பூரத்தையும் எங்களையும் பார்த்தாள்.

ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார்கள். தரையில் பாவுகிறதா என்று. அவள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்த நானும் பார்த்தேன்.

எத்தனையோ செய்திருக்கிறேன் வாழ்க்கையில். அந்த ஒரு பார்வையைப் போல எதையும் வெறுத்ததில்லை.

அவள் அதைக் கவனித்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, பூசணிக்காய்ச் சதையில் ஒரு காலை அழுத்தி வைத்தாள். எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். படியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "பாத்துக்கினீங்களா?" என்றாள். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. "பொழுது சாயறவரைக்கும் டைம் குடு. பாத்திரத்த எடுத்துக்கறேன்" என்று மேஸ்திரியிடம் மட்டும் சொன்னாள்.

ஒரே ஒரு மாட்டுவண்டிதான் கிடைத்தது. கொண்டமட்டும் ஏற்றினாள். வாடகைக்கு விடாமல் வீட்டுக்கென்றே வைத்திருந்த பெரிய அண்டாக்கள் வாசல் வழியாகவே வரவில்லை. அந்தக் காலத்தில் அவற்றை வைத்துவிட்டுத்தான் கதவு நிலை வைத்தார்களாம். வண்டி கோவளம் ரோட்டில் திரும்பியதும் தளத்தை இறக்கினார்கள். அண்டாக்கள் உள்ளேயே நசுங்கின. அது என்ன சத்தம் என்று என்னால் எழுத முடியாது. ஆபீஸ்வரை கேட்டது என்று பியூன் சொன்னான்.

அடுத்த மாதமே எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

கட்டடம் எழும்பியது. படத்தில் இருந்தது போலவே இருந்தது. ஊருக்கு நல்லதுதான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ்கள் ஒழுங்காக நின்றன, மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. முப்பத்தொன்றாம் எண் இருந்த இடத்தில் மாடிப்படி வந்தது. மத்தியானத்தில் ஏதாவது பஸ் கிளம்பும்போது அந்தப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வரும். எஞ்சின் அதிர்ச்சிதான், எனக்குத் தெரியும். இருந்தும் மேலே போகவேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு பின்பக்கப் படியில்தான் போவேன்.

மூன்று வருஷம் கழித்து ஆபீஸ் நண்பர் ஒருவர் கல்யாணத்துக்குக் கோவளம் போனேன். பந்தி முடிந்து கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது மணலில் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. கடற்காற்றில் லேசாகப் பாடிக்கொண்டிருந்தன. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு விளிம்பிலும் பழைய பெயர் தேய்ந்திருந்தது. பக்கத்தில் புதிதாக, புள்ளிபுள்ளியாக ஒரே ஓர் எழுத்து: கா.

"டங்" என்று யாரோ சுண்டினார்கள். அவள்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஒரு தவலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "விரிசல் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆபீசு நைனாவா? துன்னியா?"

தலையை ஆட்டினேன். ஏதாவது பேசவேண்டுமே என்று, "இது என்ன எழுத்து அம்மா?" என்றேன்.

"பேர் வெட்டறவன் இன்னா பேர் வெட்டணும்னு கேட்டான். வூட்டுக்காரர் பேரு வூட்டோட போச்சு. அளக்க வந்தவரு காரை வூடுன்னு என் வூட்டுக்கு ஒரு எழுத்து போட்டாராமே, அதையே வெட்டுன்னேன். உங்க பியூன்தான் கடைத்தெருவுல பாத்து சொன்னான். நீ அத்த காலின்னு மாத்தி எழுதினதையும் அவன்தான் சொன்னான்."

"எப்போ சொன்னான்?"

"நீ என் வூட்டுக்கு வந்தியே, அதுக்கு முந்தா நாளு."

மோர் கொடுத்தபோதே அவளுக்குத் தெரியும். யார் எழுதியது என்று கேட்டபோதே தெரியும்.

"நீயே சொல்லிடுவேன்னு பாத்துகினே இருந்தேன். அன்னிக்கி வாசல்லகூட பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என் பாடு கொஞ்சம் சுலபமாகியிருக்கும்.

வேறொரு அண்டாவைப் புரட்டி அந்த எழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ சொல்லு. இது காரையா, காலியா?"

அண்டாவைச் சுண்டிவிட்டு, என் பதிலுக்காகத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.